ராஜாவைச் சாய்ப்பதற்கு முன்: தோற்ற ஆட்டத்தில் மிச்சமிருக்கும் வழிகள்

ஈரோடு, பெருந்துறை, திருப்பூர், நாமக்கல் வட்டாரத்தில் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஏதாவது ஒரு கல்லூரி அரங்கிலோ திருமண மண்டபத்திலோ, குறைந்த நேரத்தில் ஆடும் ஒரு நாள் ரேபிட் செஸ் போட்டி நடக்கும். சுற்று முடியும் முன்பே வெளியே வந்துவிடும் பிள்ளைகளிடம் என்ன ஆயிற்று என்று கேட்டால், "குதிரை போய்விட்டது, அதனால் விட்டுக்கொடுத்துவிட்டேன்" என்பார்கள். மரத்தடியில் காத்திருக்கும் அப்பா, "போகட்டும் விடு கண்ணு, அடுத்த ரவுண்டில் பார்த்துக்கொள்ளலாம்" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டுவார். அன்பான சொல்தான். ஆனால் அந்தக் கடைசி நிலையைப் பலகையில் மறுபடி அடுக்கச் சொல்லிப் பார்க்கும்போது, அதற்குள் ஒரு டிரா கிடந்ததைப் பலமுறை கண்டிருக்கிறேன். பிள்ளை அதைத் தேடி ஏமாந்ததில்லை, தேடவே இல்லை.

தோற்றதுபோல் தெரியும் நிலையில் ஆட்டக்காரர் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. ராஜாவைச் சாய்த்து விட்டுக்கொடுக்கலாம். எதிராளி தடுக்கவே முடியாத கட்டாய டிரா எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேடலாம். காய் குறைந்தாலும் தோற்காத ஓர் இறுதியாட்டத்தை, அதாவது சில காய்களே மிஞ்சும் ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தை, நோக்கி இறங்கலாம். அல்லது நிலையைச் சிக்கலாக்கி, எதிராளி தவறுவார் என்று போராடலாம். நம் பக்கப் பயிற்சியில் நான்காவது வழிக்குத்தான் புகழ் அதிகம். என் தேர்வு வேறு: முதலில் இரண்டாவது, அது இல்லையென்றால் மூன்றாவது, அதுவும் அடைபட்டால் மட்டும் நான்காவது. ஏன் இந்த வரிசை என்பதைச் சொல்கிறேன்.

விட்டுக்கொடுப்பதில் தொடங்கலாம். 1902-ல் மான்டே கார்லோவில் பொப்பியலுக்கு எதிராகக் கறுப்புக் காய்களோடு ஆடினார் ஜார்ஜ் மார்க்கோ. (பலகையில் நெடுவரிசைகளுக்கு ஏ முதல் எச் வரை எழுத்து, வெள்ளையின் பக்கத்திலிருந்து குறுக்கு வரிசைகளுக்கு 1 முதல் 8 வரை எண்.) டி4-ல் அவருடைய பிஷப், அதற்குப் பின்னால் டி7-ல் அவருடைய யானை, எதிரே டி3-ல் வெள்ளை ராணி. பிஷப்பை நகர்த்தினால் யானை போய்விடும், நகர்த்தாவிட்டால் பிஷப்பே போய்விடும் என்று முடிவு செய்து ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். அந்தப் பிஷப்பை ஜி1-ல் கொண்டுபோய் வைத்திருந்தால் அவர் வென்றிருப்பார். எச்2-வில் ராணியால் செக்மேட் மிரட்டல் ஒருபக்கம், வழி திறந்ததால் யானை வெள்ளை ராணியைத் தாக்குவது மறுபக்கம். இரண்டையும் ஒரே நகர்த்தலில் வெள்ளையால் சமாளிக்க முடியாது. டிராகூட இல்லை, வெற்றியையே கையில் வைத்துக்கொண்டு தோற்றார்.

இன்னொன்று எல்லோருக்கும் தெரிந்த ஆட்டம். 1997 மே மாதம், டீப் புளூ கணினிக்கு எதிரான இரண்டாவது ஆட்டத்தில் அதன் 45-வது நகர்த்தலைப் பார்த்ததும் உலகச் சாம்பியன் காஸ்பரோவ் விட்டுக்கொடுத்தார். ராணியை இ3-க்குக் கொண்டுசென்றிருந்தால் தொடர் செக் மூலம் டிரா செய்திருக்கலாம் என்பது மறுநாளே அவருடைய குழுவினருக்குத் தெரியவந்தது. அந்தப் போட்டித் தொடரில் அவர் 2.5–3.5 என்று தோற்றார்.

இருவரிடமும் நான் காணும் ஒற்றுமை, ஆட்டத்தை முடித்தது கணக்கு அல்ல, தீர்ப்பு என்பது. கட்டுண்ட காய் நகராது என்ற தீர்ப்பை மார்க்கோ முன்கூட்டியே எழுதிவிட்டார். எதிரே இருக்கும் இயந்திரம் இவ்வளவு வெளிப்படையான டிராவை விட்டுவைத்திருக்காது என்று காஸ்பரோவ் எடுத்துக்கொண்டார். உலகின் தலைசிறந்த ஆட்டக்காரருக்கே இது நடக்கும் என்றால், பத்து வயதுப் பிள்ளை தன் தீர்ப்பை நம்பி ராஜாவைச் சாய்க்கக் கூடாது.

விட்டுக்கொடுப்பது சரியாகும் இடமும் உண்டு. ஆளுக்கு 90 நிமிடம், நகர்த்தலுக்கு 30 விநாடி என்று நடக்கும் நீண்ட ஆட்டத்தில், ஒரே நாளில் இரண்டு சுற்று இருக்கும்போது, எதிராளி வலுவானவர், நேரமும் அவரிடம் இருக்கிறது, ராணி குறைந்திருக்கிறது, எதிர்த்தாக்குதலுக்கு வழியே இல்லை என்றால், இரண்டு மணி நேரம் இழுத்துக்கொண்டு மாலைச் சுற்றுக்குச் சோர்ந்து போவதில் பொருள் இல்லை. ஆனால் ஒரு நாள் ரேபிட்டில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே ஓர் ஆட்டம் இழுத்தாலும் சற்று நேரம்தான் கூடும். பரிசுப் பட்டியலிலோ அரைப் புள்ளியில் பல இடங்கள் மாறிவிடும்.

அடுத்தது கட்டாய டிரா. இதற்குச் சிறந்த பாடம் 1963–64 அமெரிக்க சாம்பியன்ஷிப்பில், லாரி எவன்ஸும் சாமுவேல் ரெஷெவ்ஸ்கியும் ஆடியது. பின்னாளில் உலகச் சாம்பியனான ஃபிஷர் 11 ஆட்டங்களிலும் வென்ற அதே போட்டி. வெள்ளைக் காய்களோடு ஆடிய எவன்ஸ் தோற்கும் நிலையில் இருந்தார். தன் எச் சிப்பாயை எச்4-க்கு நகர்த்தி, ராஜாவை எச்1 மூலைக்குக் கொண்டுபோனார். ரெஷெவ்ஸ்கி ராணியால் ஜி3-ல் வெட்டினார். உடனே எவன்ஸ் தன் ராணியை ஜி8-ல் செக்காக வைத்துக் கொடுத்தார். ராஜா அதைப் பிடித்தது. அடுத்து யானையால் ஜி7-ல் வெட்டி மீண்டும் செக். அந்த யானையைப் பிடித்தால் வெள்ளை ராஜாவுக்குச் செக்கும் இல்லை, வெள்ளைக்கு நகர்த்த எதுவுமில்லை; அதுதான் ஸ்டேல்மேட், டிரா. பிடிக்காவிட்டால் யானை ஏழாவது வரிசையில் ஓயாமல் செக் கொடுத்துக்கொண்டே இருக்கும். டிரா.

இதில் கற்க வேண்டியது ராணியைத் தூக்கிக் கொடுக்கும் துணிச்சல் அல்ல. அதற்கு முந்தைய நகர்த்தல்கள். தன் சிப்பாய்கள் நகர முடியாதபடி பூட்டிக்கொள்ளட்டும், தன் ராஜாவுக்குக் கட்டம் இல்லாமல் போகட்டும் என்று எவன்ஸ் முன்பே ஏற்பாடு செய்தார். ஆட்டத்தில் நாம் எப்போதும் ராஜாவுக்கு இடம் தேடுகிறோம்; இங்கே இடமில்லாமல் போவதே காப்பு. இந்தத் தலைகீழ் எண்ணம் தானாக வராது, பழக வேண்டும்.

தேடும் முறையைப் பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்கிறேன். விசைத்தறியில் இழை அறுந்தால் முதலில் தறியை நிறுத்துகிறோம். ஓடிக்கொண்டிருக்கும் தறியில் அறுந்த நுனியைப் பிடிக்க முடியாது. அதுபோல் காயை இழந்தவுடன் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு மனத்தை நிறுத்த வேண்டும். பிறகு, நான் கொடுக்கக்கூடிய செக்குகள் எல்லாவற்றையும், முட்டாள்தனமாகத் தெரிபவற்றையும் சேர்த்து, ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். என் ராஜா நகர முடியுமா, என் சிப்பாய்கள் நகர முடியுமா என்று கேட்க வேண்டும். இரண்டுக்கும் விடை "முடியாது" என்றால், மிச்சமிருக்கும் காய்களை எதிராளியின் ராஜா மேல் எறிந்துவிட வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியாக எதிராளியின் இருக்கையில் உட்கார்ந்ததாக நினைத்து, அவர் அடுத்து ஆசையோடு ஆடப்போவது எது என்று கேட்க வேண்டும். ஒளிந்திருக்கும் காப்பு பெரும்பாலும் அந்த ஆசைக்குப் பக்கத்தில்தான் இருக்கும். ரெஷெவ்ஸ்கி ஜி3-ல் வெட்ட ஆசைப்பட்டதுபோல.

காய்களே இல்லாத நிலையிலும் காப்பு ஒளிந்திருக்கலாம் என்பதற்கு ரிச்சர்ட் ரேட்டி 1921-ல் அமைத்த புதிரைப் பலகையில் அடுக்கிப் பாருங்கள். வெள்ளை ராஜா எச்8, வெள்ளைச் சிப்பாய் சி6. கறுப்பு ராஜா ஏ6, கறுப்புச் சிப்பாய் எச்5. வெள்ளை ஆட வேண்டும். கறுப்புச் சிப்பாயை வெள்ளை ராஜா துரத்திப் பிடிக்க முடியாது, இரண்டு அடி பின்தங்கியிருக்கிறது. வெள்ளையின் சிப்பாயைக் கறுப்பு ராஜா எப்போது வேண்டுமானாலும் பிடித்துவிடும். இதைவிடத் தெளிவான தோல்வி இருக்க முடியாது என்றுதான் தோன்றும். வெள்ளை ராஜா ஜி7, எஃப்6 என்று மூலைவிட்டத்தில் இறங்குகிறது. கறுப்பு எச்4-க்கு வந்து, பிறகு ராஜாவை பி6-க்கு நகர்த்தினால், வெள்ளை ராஜா இ5. இப்போது கறுப்பு ராஜா சி6-ல் சிப்பாயை வெட்டினால், வெள்ளை ராஜா எஃப்4, ஜி3 என்று போய்க் கறுப்புச் சிப்பாயைப் பிடித்துவிடும். வெட்டாமல் கறுப்பு தன் சிப்பாயை ஓட்டினால், வெள்ளை ராஜா டி6-க்கு வந்து தன் சிப்பாய்க்குத் துணை நிற்கும். இருவருக்கும் ராணி கிடைக்கும். ஒரே நகர்த்தலில் இரண்டு வேலை. செஸ் பலகையில் சாய்வாக நடந்தாலும் நேராக நடந்தாலும் ராஜாவுக்குத் தூரம் ஒன்றுதான் என்ற எளிய உண்மை, ஒரு தோல்வியை டிராவாக்குகிறது. இதை முதன்முதலில் பார்க்கும் பிள்ளையின் முகத்தைக் காண்பதற்காகவே நான் செஸ் சொல்லிக்கொடுப்பேன்.

கட்டாய டிராவின் குறை, அது எல்லா நிலையிலும் இருக்காது என்பதே. இருந்தால் அதற்கு ஈடு கிடையாது, ஏனென்றால் எதிராளி எவ்வளவு பெரியவர் என்பது அங்கே பொருட்டே இல்லை. அதனால்தான் அதை முதலில் தேடச் சொல்கிறேன். தேடிக் கிடைக்காவிட்டால் இழப்பு இரண்டு நிமிடம்தான்.

மூன்றாவது வழியான இறுதியாட்டத்தைத்தான் நம் பிள்ளைகள் அதிகம் புறக்கணிக்கிறார்கள். ஆட்டத் தொடக்கத்தில் பதினைந்து நகர்த்தல் மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளைக்கு, யானையும் ஒரு சிப்பாயும் யானைக்கு எதிராக நிற்கும் நிலை தெரிவதில்லை. பிரெஞ்சு ஆட்டக்காரர் ஃபிலிடோர் 1777-ல் விளக்கிய நிலை அது. வெள்ளைக்கு ராஜா, யானை, இ சிப்பாய். கறுப்புக்கு ராஜாவும் யானையும் மட்டும். ராஜா இ8-ல் சிப்பாயின் வழியில் நிற்கிறது. கறுப்பு தன் யானையை ஆறாவது வரிசையில் வைத்தால் வெள்ளை ராஜா அந்த வரிசைக்கு ஏற முடியாது. வெள்ளை பொறுமையிழந்து சிப்பாயை இ6-க்குத் தள்ளும் நொடியில், கறுப்பு யானை முதல் வரிசைக்கு இறங்கிப் பின்னாலிருந்து செக் கொடுக்கத் தொடங்க வேண்டும். சிப்பாய் முன்னால் போய்விட்டதால் வெள்ளை ராஜா ஒதுங்க நிழல் இல்லை. டிரா. சிப்பாய் தள்ளப்படும் முன்பே கீழே இறங்கினாலோ, யானையை எட்டாவது வரிசையில் முடக்கி வைத்தாலோ ஆட்டம் கைவிட்டுப் போகலாம். ஆனால் அதே முடங்கிய காவல், எதிராளியின் சிப்பாய் பி அல்லது ஜி வரிசையில் இருந்து நம் ராஜா அதன் முன்னால் நின்றால் டிராவுக்குப் போதும். ஒரு வரிசை தள்ளியிருப்பதில் அரைப் புள்ளி இருக்கிறது. ஓர வரிசைச் சிப்பாய் என்றால் வான்சுராவின் முறை இருக்கிறது. அவர் இறந்தபின் 1924-ல் வெளிவந்தது. ஏ6-ல் உள்ள சிப்பாயைப் பின்னாலிருந்து அல்லாமல் பக்கவாட்டில், எஃப்6-ல் யானையை வைத்துத் தாக்கிக்கொண்டே இருப்பது.

ஒரு காய் குறைந்திருக்கும்போது இந்த வழிக்கு ஒரே ஒரு திசைகாட்டி உண்டு: சிப்பாய்களை மாற்றிக்கொள்ளுங்கள், காய்களை மாற்றிக்கொள்ளாதீர்கள். சிப்பாய் ஒன்றுகூட மிச்சமில்லாத பலகையில் தனிப் பிஷப்போ தனிக் குதிரையோ செக்மேட் செய்ய முடியாது. யானையும் பிஷப்பும் தனி யானையை எதிர்த்து நின்றால் பொதுவாக டிரா, காப்பவருக்கு வலி இருந்தாலும். தனி யானைக்கு எதிராகத் தனிப் பிஷப் இருந்தால், பிஷப்பின் நிறம் இல்லாத மூலைக்கு ராஜாவைக் கொண்டுபோனால் டிரா. எதிராளியிடம் எச் சிப்பாயும் வெள்ளைக் கட்டத்தில் ஓடும் பிஷப்பும் மட்டும் இருந்தால், நம் ராஜா எச்8-ல் நின்றுவிட்டால் போதும். எச்8 கறுப்புக் கட்டம். அந்தப் பிஷப் அதைத் தொடவே முடியாது. எதிராளிக்கு இன்னொரு சிப்பாய் இருந்தால், நம் கடைசிக் காயைக் கொடுத்தாவது அதை வெட்டிவிட்டு எச்8-க்கு ஓடலாம். காயைக் கொடுப்பது தோல்வியை விரைவாக்கும் என்று நினைக்கும் பிள்ளைக்கு இதுதான் ஒளிந்திருக்கும் காப்பு.

ராணியே எதிரில் இருந்தாலும் இடம் உண்டு. நம் சிப்பாய் சி2-வில், நம் ராஜா பி1-ல், எதிராளியின் ராஜா வெகு தூரத்தில். எதிராளி ராணியால் பி3-ல் செக் கொடுக்கிறார். பலரும் சிப்பாயைக் காக்க நினைப்பார்கள். ராஜாவை ஏ1-க்கு நகர்த்துங்கள். ராணி சிப்பாயை வெட்டினால் ஸ்டேல்மேட், வெட்டாவிட்டால் சிப்பாய் ராணியாகும்.

2016-ல் நியூயார்க்கில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் கார்ல்சனுக்கு எதிராகக் கர்யாகின் மூன்றாவது ஆட்டத்தை 78 நகர்த்தல்களும், நான்காவதை 94 நகர்த்தல்களும் பிடித்து நின்று டிரா செய்தார். இரண்டிலும் பார்வையாளரை எழவைக்கும் தந்திரம் எதுவும் இல்லை. எந்த நிலை தாங்கும், எது தாங்காது என்ற அறிவுதான் இருந்தது. இந்த வழிக்குக் கைதட்டல் கிடைக்காது, ஆனால் நம்பகம் அதிகம். அதனால்தான் குழப்புவதற்கு முன் இதை வைக்கிறேன்.

குழப்புவது என்ற நான்காவது வழியைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு. பயிற்சியாளர்கள் பலர் இதைப் போராட்டக் குணம் என்று புகழ்கிறார்கள். எதிராளி தவறாவிட்டால் இது தோல்வியை விரைவாக்கும். மேலும் சிப்பாய்களைத் தூக்கியெறிந்து, மூன்றாவது வழியின் கதவையும் அடைத்துவிடும். இது பொருந்தும் நிலைகள் உண்டு: இரு ராணிகளும் பலகையில், எதிராளியின் ராஜா திறந்தவெளியில், அவருடைய கடிகாரத்தில் நேரம் குறைவு. இந்த மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். ராணிகள் போய், எதிராளியின் ராஜா பத்திரமாகவும் இருந்தால் குழப்ப எதுவும் இல்லை.

குழப்பத்தை விரும்புபவர்கள் மறக்கும் இன்னொன்று, எதிராளி தவறும்போது அதைக் காண நாம் தயாராக இருக்க வேண்டும் என்பது. 1988-ல் கோவையில் நடந்த சக்தி ஃபைனான்ஸ் சர்வதேசப் போட்டியை வென்று இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரானவர் விஸ்வநாதன் ஆனந்த். அதைப் பற்றிக் கேட்டு வளர்ந்த தலைமுறை எங்களுடையது. அவருக்கே 2014 நவம்பரில், சோச்சியில் கார்ல்சனுக்கு எதிரான உலகச் சாம்பியன் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில் இது நேர்ந்தது. கறுப்புக் காய்களோடு அழுத்தத்தில் காத்துக்கொண்டிருந்தார். 26-வது நகர்த்தலில் கார்ல்சன் ராஜாவை டி2-வில் வைத்தது பெரும் தவறு. ஆனந்த் குதிரையால் இ5-ல் வெட்டியிருந்தால் ஆட்டம் தலைகீழாகியிருக்கும். அவர் ஏ4-க்குச் சிப்பாயை நகர்த்தினார், ஆட்டத்தைத் தோற்றார். காக்கும் மனம் காப்பதையே பார்க்கும். அதனால் குழப்பத்தைத் தேர்ந்தால், ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பின்னும் எதிராளி இப்போது எதை விட்டுவிட்டார் என்று புதிதாகக் கேட்க வேண்டும். கேட்காதவருக்குக் குழப்பம் கிடைக்கும், பலன் கிடைக்காது.

வழியைத் தேர்வதில் போட்டியின் தன்மையும் சேரும். கடைசிச் சுற்றில் டிரா போதும் என்றால் மூன்றாவது வழியைத் தவிர வேறொன்றை நான் சொல்லமாட்டேன். வென்றே தீர வேண்டும் என்றால் மட்டும் நான்காவது. எதிராளி நம்மைவிட மிக வலுவானவர் என்றால் குழப்பத்தில் அவரே நன்றாக நீந்துவார். அப்போது வறண்ட இறுதியாட்டமே மேல். எதிராளி நம் வயதுப் பிள்ளை, வெற்றி வந்துவிட்ட உற்சாகத்தில் வேகமாக ஆடுகிறான் என்றால் ஸ்டேல்மேட் வலை விரியுங்கள். ராணியும் ராஜாவும் வைத்திருக்கும் பிள்ளை தனி ராஜாவை மூலையில் முடக்கி டிரா செய்துவிடும் காட்சி, இளையோர் பிரிவில் எங்கும் காணக்கூடியது.

வீட்டில் பழகுவதற்கும் தேர்வு இருக்கிறது. கணினி எஞ்சின், அதாவது செஸ் ஆடும் மென்பொருள், உடனே விடையைச் சொல்லிவிடும். அதனாலேயே தேடும் பழக்கத்தை வளர்க்காது. ஏழு காய் வரையிலான எல்லா நிலைகளுக்கும் வெற்றியா டிராவா என்று பிழையின்றிச் சொல்லும் தரவுத்தளம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இறுதியாட்டத்தைச் சரிபார்க்க அது போதும். ஆனால் முதல் வேலை பலகையும் காயும் வைத்துத் தனியாகத் தேடுவது. தோற்ற ஆட்டத்தின் கடைசி நிலையை அடுக்கி, எஞ்சினைத் திறக்காமல் அரை மணி நேரம் குடைந்துவிட்டுப் பிறகு சரிபாருங்கள். கோடை விடுமுறைக்கு ஒரே ஒரு பாடம் எடுக்க முடியும் என்றால், ஃபிலிடோர் நிலையையும், எச்8 மூலையைத் தொட முடியாத அந்தத் தவறான நிறப் பிஷப்பையும் கற்றுக்கொடுங்கள். புதிய தொடக்க ஆட்டம் காத்திருக்கலாம்.

காப்பைக் கண்டுபிடித்த பிறகும் டிராவைக் கேட்டுப் பெறத் தெரிய வேண்டும். ஒரே நிலை மூன்று முறை வந்தாலும், சிப்பாய் நகராமலும் வெட்டு இல்லாமலும் 50 நகர்த்தல் கடந்தாலும், ஆட்டக்காரர் கேட்டால்தான் நடுவர் டிரா தருவார். நடுவர் தானாகத் தலையிட வேண்டுமானால் நிலை ஐந்து முறை வர வேண்டும், அல்லது 75 நகர்த்தல் கடக்க வேண்டும். ரேபிட்டில் நகர்த்தல்களை எழுத வேண்டிய கட்டாயம் இல்லாததால் எத்தனை முறை வந்தது என்பதை நிரூபிப்பது கடினம். ஆகவே தொடர் செக் தொடங்கும்போதே எண்ணத் தொடங்குங்கள். ஒரே இரு கட்டங்களுக்கு இடையே ராணியை மாற்றி மாற்றி வையுங்கள். செக் கொடுக்கும் இடங்களைக் கலைத்துவிடாதீர்கள். மூன்றாவது முறை நிலை பலகையில் வந்து நிற்கும்போது, அடுத்த நகர்த்தலை ஆடும் முன், கடிகாரத்தை நிறுத்திக் கையை உயர்த்தி நடுவரை அழையுங்கள்.